பட்டனைத் தட்டினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

நிகழ்நேரச் சண்டை உள்ள ஜப்பானிய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்) என்றாலே பட்டனை விடாமல் தட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2020-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்’கை அப்படி ஆடுபவர்கள் தொடக்கத்தில் வரும் தேள் இயந்திரத்திடமே திணறுகிறார்கள். பிளேஸ்டேஷனின் சதுர பட்டன் அடி முக்கியமாக ஏடிபி பட்டையை, அதாவது மந்திரம், சிறப்பு அடி போன்ற கட்டளைகளுக்குச் செலவாகும் கட்டங்களை, நிரப்பத்தான். ஒரு கட்டம் நிறைந்ததும் கட்டளை மெனுவைத் திறந்தால் நேரம் ஏறக்குறைய நின்றுவிடும், நிதானமாக யோசிக்கலாம். தேளின் பலவீனம் மின்னல் மந்திரம்தான். ஆனால் ஓதும்போது பலத்த அடி விழுந்தால் மந்திரம் கலைந்து, அந்தக் கட்டமும் எம்பியும் (மந்திர சக்தி) வீண். எதிரி ஒரு வீச்சை முடித்த நொடியில் ஓதுங்கள்.

எதிரி ‘பிரஷர்டு’ (நெருக்கடி) நிலைக்கு வந்தால் அவனுடைய தடுமாற்றப் பட்டை வேகமாக ஏறும். நாயகன் கிளவுடின் ‘ஃபோகஸ்டு த்ரஸ்ட்’ என்ற சிறப்பு அடி அப்போதுதான் விழ வேண்டும். பட்டை நிறைந்து எதிரி நிலைகுலைந்தால் அவனுக்கு விழும் சேதம் வழக்கத்தில் 160 சதவீதம். கிளவுடின் தோழி டிஃபாவின் சில அடிகள் அதை இன்னும் ஏற்றும். அந்த நேரத்துக்கென்று கட்டங்களைச் சேர்த்து வைக்காமல் முன்பே செலவழித்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு.

ஒரே ஆளைப் பிடித்துத் தொங்கவும் கூடாது. நாம் இயக்காதவர்களுக்கு ஏடிபி மெதுவாகவே நிறையும்; எதிரியும் பெரும்பாலும் நாம் இயக்குபவரையே குறிவைப்பான். ‘பனிஷர்’ என்ற சண்டை முறையில் கைகலப்பு அடியைத் தடுத்தால் கிளவுட் தானாகத் திருப்பி அடிப்பான். துப்பாக்கிக் குண்டு, மந்திரம் போன்ற தொலைவுத் தாக்குதல்களிடம் அது பலிக்காது.

- ஒரு வாசகர்