பியா சுந்தாகேவுக்கு: பிரேசிலியாவில் நீங்கள் எழுப்பிய சுவர்

அன்புள்ள பியா சுந்தாகே அவர்களுக்கு,

வணக்கம். 2016 ஆகஸ்ட் 12 அன்று பிரேசிலியாவில் நீங்கள் பயிற்றுவித்த ஸ்வீடன் அணி ஒலிம்பிக் பெண்கள் கால்பந்துக் காலிறுதியில் அமெரிக்காவை வெளியேற்றியது. ஆட்டம் முடிந்ததும் அமெரிக்க கோல்கீப்பர் ஹோப் சோலோ உங்கள் பெண்களைக் கோழைகள் என்றார். நாங்கள் அரையிறுதிக்கு ரியோவுக்குப் போகிறோம், அவர் வீட்டுக்குப் போகிறார் என்று சொல்லி நீங்கள் அந்தப் பேச்சை முடித்துவிட்டீர்கள். ஆனால் அந்தச் சொல் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பெயரை எடுத்தாலே, "தற்காப்பு ஆடி ஜெயித்தவர்தானே?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பயிற்சி வாழ்க்கையிலேயே கடினமான வேலை அந்த ஆட்டம்தான் என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

நாட்டுக்காக 146 ஆட்டங்களில் 71 கோல் அடித்த ஃபார்வர்டு நீங்கள். 1984 ஐரோப்பிய இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக வெற்றி பெனால்டியை அடித்ததும் நீங்கள்தான். அப்படிப்பட்டவருக்குக் கோல் அடிக்கும் ஆசை இல்லாமல் போகாது. 2007 இறுதியில் அமெரிக்க அணியை ஏற்றதும் நீங்கள் கேட்டது, பந்தை நீளமாக அடித்துவிட்டு ஓடாதீர்கள், மிட்ஃபீல்டு வழியாகக் கொண்டுபோங்கள் என்பதைத்தான். பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு உங்கள் முன்னணி ஃபார்வர்டு அபி வாம்பாக்கின் கால் முறிந்தது. முதல் ஆட்டத்தில் நார்வே நான்கு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டது. இருந்தும் ஆட்ட முறையை நீங்கள் கைவிடவில்லை. இறுதியில் கூடுதல் நேரத்தில் கார்லி லாயிட் அடித்த கோலில் பிரேசிலை வென்றீர்கள். 2012-இல் லண்டனில் இன்னொரு தங்கம். அமெரிக்காவில் பந்தைக் கேட்டு வாங்கி ஆட வைத்தவர், ரியோவில் அதைக் கொடுத்துவிட்டு ஆட வைத்தார். கையில் இருக்கும் வீராங்கனைகளையும் நாட்களையும் எண்ணிப் பார்த்துத் திட்டம் போடுகிற பயிற்சியாளர்தான் இப்படிச் செய்ய முடியும்.

அந்த நாட்களை எண்ணிப் பார்க்கலாம். ஆகஸ்ட் 3 தென்னாப்பிரிக்கா, 6 பிரேசில், 9 சீனா, 12 அமெரிக்கா. மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம். அணியில் மொத்தமே 18 பேர். ஆட்டத்துக்கு மறுநாள் ஓய்வும் மீட்பும், ஆட்டத்துக்கு முந்தைய நாள் லேசான பயிற்சி. நடுவில் முழுப் பயிற்சிக்கு ஒரு நாள்கூட மிஞ்சுவதில்லை. பிரேசிலிடம் 5-1 என்று நொறுங்கிய அணிக்கு அந்த இடைவெளியில் புதிய தாக்குதல் ஆட்டம் கற்றுத்தர முடியாது. எங்கே நிற்பது என்பதைக் கற்றுத்தரலாம். நடந்தபடியே பழகலாம், காலும் களைக்காது.

கோழைத்தனம் என்கிறவர்கள் இந்தச் சுவரைக் கட்டிப் பார்க்க வேண்டும். நான்கு டிஃபெண்டர்கள், அவர்களுக்கு முன்னால் ஐந்து மிட்ஃபீல்டர்கள், இரண்டு வரிசைக்கும் நடுவே ஏறக்குறைய பத்து மீட்டர். பந்து இடது ஓரத்தில் இருந்தால் வலது ஓரத்து மிட்ஃபீல்டர் மைதானத்தின் நடுப்பகுதி வரை உள்ளே வந்துவிட வேண்டும். எதிர் ஓரத்தை விட்டுக்கொடுக்கத் துணிய வேண்டும். பந்து அந்தப் பக்கம் மாறும்போது ஒன்பது பேரும் சேர்ந்து நகர வேண்டும். ஒருவர் அரை விநாடி பிந்தினாலும் ஓரத்து டிஃபெண்டரான ஃபுல்பேக்குக்கும் நடு டிஃபெண்டரான சென்டர்பேக்குக்கும் நடுவே கதவு திறந்துவிடும்.

இது உடைவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். பொறுமை இழந்த ஒரு மிட்ஃபீல்டர் தனியாகப் பந்தைத் துரத்திப் போவது. அவர் விட்ட இடத்தில் எதிரணி பந்தை வாங்கி, கோலை நோக்கித் திரும்பிவிடும். களைப்பில் டிஃபெண்டர்கள் கோலை நோக்கிச் சரிவது. அப்போது கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதியான பாக்ஸின் விளிம்பு காலியாகி, தட்டுப்பட்டு விழும் பந்தெல்லாம் எதிரணிக்கே போகும். 77-ஆவது நிமிடத்தில் அலெக்ஸ் மோர்கன் சமன் செய்ததும் பாக்ஸுக்குள் அப்படித் தட்டுப்பட்ட ஒரு பந்தில்தான். மூன்றாவது, வெளியே அடித்த பந்தைப் பிடித்துவைக்க முன்னால் ஆள் இல்லாதது. ஐந்து விநாடியில் அது திரும்பி வந்துவிடும். உங்களுக்கு முன்னால் ஆள் இருந்தார். காயம்பட்ட ரோல்ஃபோவுக்குப் பதிலாக இறங்கிய 20 வயது ஸ்டீனா பிளாக்ஸ்டீனியஸ், 61-ஆவது நிமிடத்தில் அமெரிக்க டிஃபென்ஸுக்குப் பின்னால் ஓடி முதல் கோலைப் போட்டார்.

கூடுதல் நேரத்திலும் 1-1. பிறகு பெனால்டி உதைகள். லிசா டால்க்விஸ்ட் கடைசி உதை அடிக்க நிற்கும்போது சோலோ கையுறையை மாற்றப் போனார். டால்க்விஸ்ட் பதறாமல் காத்திருந்து, வலைக்குள் அடித்தார். 4-3. நான்கு நாள் கழித்து அரையிறுதியில், ரியோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசிலுடன் 0-0, மறுபடி 4-3, மறுபடி கடைசி உதை டால்க்விஸ்ட். ஐந்து கோல் வாங்கிய அதே எதிரணியிடம், பத்தே நாளில், 120 நிமிடத்துக்கு ஒரு கோலும் விடவில்லை. இறுதியில் ஜெர்மனியிடம் 2-1 என்று தோற்று வெள்ளி வாங்கினீர்கள். என்னைக் கேட்டால் அந்த வெள்ளி பெய்ஜிங் தங்கத்துக்கு மேல்.

அதனால்தான் 2023 ஆகஸ்ட் 2 வலிக்கிறது. அப்போது நீங்கள் பிரேசிலின் பயிற்சியாளர். முந்தைய ஆண்டு தென் அமெரிக்கக் கோப்பையான கோப்பா அமெரிக்காவை ஆறு ஆட்டங்களில் ஒரு கோலும் விடாமல் வென்ற அணி அது. உலகக் கோப்பையில் பிரான்சிடம் 2-1 என்று தோற்றபின், மெல்போர்னில் ஜமைக்காவை வென்றே தீர வேண்டும். ஜமைக்காவுக்கு டிரா போதும். பயிற்சியாளர் லார்ன் டொனால்ட்சனின் ஜமைக்கா அணி அன்று கட்டியது நீங்கள் பிரேசிலியாவில் எழுப்பிய அதே சுவர். பந்து பெரும்பாலும் பிரேசிலிடமே இருந்தது, கோல் மட்டும் வரவில்லை. 0-0.

உயரமான சென்டர்பேக்குகள் முகத்தைப் பந்துக்கு நேரே வைத்து நிற்கும்போது ஓரத்திலிருந்து கோல் முன்னே உயரமாக அடிக்கப்படும் கிராஸ் அவர்களுக்குச் சுலபமான வேலை. அவர்களைத் திரும்ப வைக்க வேண்டும். ஃபுல்பேக்குக்குப் பின்னால் எல்லைக்கோடு வரை ஓடி, அங்கிருந்து பந்தைத் தரையோடு பின்னுக்குத் தள்ளினால் அவர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடுவார்கள். பெனால்டி புள்ளியருகே இடம் பிறக்கும். அதற்கு முன் பந்தை இரண்டு மூன்று தொடுதலில் ஓரம் மாற்ற வேண்டும். நிதானமாக மாற்றினால் அவர்களும் நிதானமாக நகர்ந்து அடைத்துவிடுவார்கள். அன்று பிரேசிலின் பந்து மெதுவாக நகர்ந்தது. அவசரம் வந்தபோது உயரப் போனது. அந்தச் சுவரின் பலவீனம் உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

2024 தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்து அணியின் பயிற்சியாளராகப் போனீர்கள். 2025 ஐரோப்பியக் கோப்பையான யூரோவில், ஸ்விட்சர்லாந்தின் சொந்த மண்ணில், பின்லாந்துக்கு எதிராக ஒரு கோல் பின்தங்கி நின்றபோது 92-ஆவது நிமிடத்தில் ராய்ட்டலர் தந்த பந்தை, மாற்றாக இறங்கிய ரியோலா ஜெமாய்லி கோலாக்கினார். அந்த நாடு முதல்முறையாக யூரோ காலிறுதிக்குப் போனது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரியோவின் அந்த இடைவெளி நாட்களுக்கான பயிற்சித் திட்டத்தை நேரக் கணக்கோடு எழுதி வெளியிடுங்கள். வாரம் இரண்டு பயிற்சிக்கே ஆட்கள் சேராத பெண்கள் அணிகளை நடத்துகிறவர்களுக்கு அது நேரடியாகப் பயன்படும். கூடவே மெல்போர்னையும் எழுதுங்கள். இடைவேளையில், உடைமாற்றும் அறையில், அந்தச் சுவரை உடைக்க எதை மாற்றச் சொன்னீர்கள்? மைதானத்துக்குப் போனபின் அதில் எது நடக்கவில்லை?

அன்புடன்,
உங்கள் ஆட்டங்களைப் பின்தொடரும் ஒருவர்