பகடையும் தாயக்கட்டையும்

ஆசிரியருக்கு,

சென்ற வாரம் பேத்தியுடன் கீழடி அருங்காட்சியகம் போயிருந்தேன். 2023-இல் திறந்ததிலிருந்து எனக்கு இது மூன்றாவது முறை. 'ஆதன்' என்று பழந்தமிழ் எழுத்தான தமிழியில் கீறிய பானை ஓட்டைக்கூட வேகமாகக் கடந்தவள், பகடைக்காய் முன்னால் நின்றுவிட்டாள். "நம் வீட்டிலும் இருக்கிறதே, தாத்தா!" என்றாள். என் தாயார் விட்டுச்சென்ற பித்தளைத் தாயக்கட்டையைத்தான் சொன்னாள். அன்றிரவே பரணிலிருந்து அதை இறக்கவைத்து, அம்மா திண்ணையில் கட்டம் வரைந்து ஆடிய கதை முழுவதையும் கேட்ட பிறகே தூங்கினாள்.

வீடுகளில் தானியம் அளந்த மரக்காலும் உழக்கும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அருங்காட்சியகச் சுற்றுலாவுக்கு முன்பாக, ஒவ்வொரு மாணவரும் வீட்டுப் பழம்பொருள் ஒன்றின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரப் பள்ளிக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே.

— வாசகர், மானாமதுரை