கொடி கட்டியவர்களைக் கேட்காமல்

சிங்ஃபோர்டு, லண்டன்
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? தம்பி அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் பின்னால் உங்கள் இருமல் சத்தம் கேட்டது. வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவத்தை வைத்துக்கொண்டு அம்மாபேட்டை சந்து சந்தாக மழையில் அலைகிறீர்களாம். வேண்டாம் என்றால் கேட்கப்போவதில்லை. குடையாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

இங்கே சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. குளிர் பழகிவிட்டது, இந்த இருட்டுதான் இன்னும் பழகவில்லை. சனிக்கிழமை ஈஸ்ட் ஹாம் போய் சின்ன வெங்காயம், முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் வாங்கி வந்து மாவு அரைத்து வைத்துவிட்டேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

போனில் நீங்கள் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "பட்டியல் வேலை ஜனங்களுக்காகப் பண்றேம்மா. ஆனா எலெக்‌ஷன் அன்னிக்கு இந்தத் தடவை பூத்தில உக்கார மாட்டேன்" என்றீர்கள். அன்று டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றும் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கட்சி மேல் உங்களுக்குள்ள கோபம் நியாயமானது, அப்பா. தேர்தல் என்றாலே நம் வீட்டில் தறி நின்றுவிடும். ராத்திரி திண்ணையில் மைதா பசை காய்ச்சும் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஓட்டுப்பதிவு நாளில் விடியும் முன்பே குளித்துவிட்டு, மாதிரி வாக்குப்பதிவுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பீர்கள். ஐம்பது ஓட்டுப் போட்டுப் பார்த்து, மெஷின் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால்தான் உங்களுக்கு நிம்மதி. ராத்திரி வரும்போது சட்டைப் பையில் 17சி படிவத்தின் நகல் நாலாக மடித்து இருக்கும். அதை எடுத்து எங்களுக்குக் காட்டுவீர்கள், இத்தனை ஓட்டு பதிவாகியிருக்கிறது, ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கேட்பதற்கு இதுதான் ஆதாரம் என்று. சம்பளம் கிடையாது, பதவி கிடையாது.

அப்படி உழைத்தவர்களிடம் வேட்பாளர் யார் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? உங்களோடு சேர்ந்து சுவர் எழுதியவர் பணம் கட்டி விருப்ப மனு கொடுத்தார். நேர்காணல் என்று சென்னைக்குக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்ததும் "எவ்வளவு செலவு பண்ண முடியும்?" என்றுதான் முதல் கேள்வியாம். அப்புறம் டிவியில் பட்டியல் ஓடியபோதுதான் சீட்டு நேற்று கட்சி மாறி வந்தவருக்குப் போனது வட்டச் செயலாளருக்கே தெரிந்தது. அன்று நீங்கள் சாப்பிடாமல் படுத்தது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இங்கே இதெல்லாம் ஒழுங்காக நடக்கும் என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன். நான் இந்தியக் குடிமகளாக இருந்தாலும் இங்கே குடியிருப்பதால், காமன்வெல்த் நாட்டுக்காரர் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். 2024 ஜூலை 4-ஆம் தேதி நைட் டூட்டி முடித்துவிட்டு நேராக வாக்குச்சாவடிக்குப் போய் நம் நாட்டு பாஸ்போர்ட்டைக் காட்டினேன், சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். மெஷின் இல்லை, விரலில் மை இல்லை. காகிதச் சீட்டு, கயிற்றில் கட்டிய பென்சில், அவ்வளவுதான். ஊரில் என் பெயர் இருக்கும் பூத்துக்கு நான் நேரில் வந்தால்தான் ஓட்டு. இங்கே பக்கத்துத் தெருவில் போட்டுவிட்டேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அந்தத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நடந்ததைக் கேளுங்கள். இங்கே 1992-லிருந்து கன்சர்வேடிவ் கட்சியின் இயன் டங்கன் ஸ்மித்தான் எம்.பி. 2019-இல் லேபர் கட்சி வேட்பாளர் ஃபைசா ஷாஹீன் அவரிடம் வெறும் 1,262 ஓட்டில் தோற்றார். இந்தப் பகுதியிலேயே வளர்ந்த பெண். அடுத்த தேர்தலுக்கும் உள்ளூர் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அவரையே தேர்ந்தெடுத்தார்கள். இங்கே பொதுவாக அதுதான் முறை, உள்ளூர்க் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டுத்தான் வேட்பாளர்.

என் வார்டில் ஒரு மூத்த நர்ஸ், லேபர் கட்சியில் பல வருஷமாக உறுப்பினர். அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஓட்டுக் கேட்கும் வேலையைப் பார்க்கப் போனேன். மைக் கிடையாது, சுவர் விளம்பரம் கிடையாது. கையில் ஒரு அட்டையும் தெருவாரியான பட்டியலும். ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்துப் பேசி, நம்முடையது, எதிர்க்கட்சி, இன்னும் முடிவு செய்யாதவர் என்று குறிக்கிறார்கள். நீங்கள் நோட்டில் டிக்கும் கேள்விக்குறியும் போடுவீர்களே, அதேதான். ஆள் இல்லாத வீட்டில் கதவில் உள்ள கடிதத் துவாரம் வழியாக நோட்டீஸைத் தள்ளிவிட வேண்டும். உள்ளே நாய் இருந்தால் விரலைக் கடித்துவிடும் என்று அந்த அம்மா ஒரு மரக் கரண்டியால் தள்ளினார். மழை தூறிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் நடந்தும் முகத்தில் சலிப்பே இல்லை. எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

தேர்தல் அறிவித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. சமூக வலைத்தளத்தில் பழைய பதிவுகளுக்கு லைக் போட்டார் என்று காரணம் சொல்லி, ஃபைசாவைக் கட்சி மேலிடம் வேட்பாளராக இருக்கக் கூடாது என்று நீக்கிவிட்டது. அந்தப் பதிவுகளைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், தப்பில்லை. தேர்ந்தெடுத்த உறுப்பினர்களிடம் கேட்காமல் நீக்கியதுதான் தப்பு. பதிலுக்கு நகரத்தின் இன்னொரு பக்கத்தில், பிரெண்டில் கவுன்சிலராக இருந்த ஷாமா டாட்லரைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். உள்ளூர் உறுப்பினர்கள் பலர் வெளிப்படையாகவே விலகினார்கள். எங்கள் நர்ஸம்மாவும் ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டு, டீ குடிக்கும் அறையில் அழுதார்.

ஃபைசா சுயேச்சையாக நின்றார். எண்ணி முடித்தபோது டங்கன் ஸ்மித்துக்கு 17,281, டாட்லருக்கு 12,524, ஃபைசாவுக்கு 12,445. கடைசி இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நாடு முழுக்க லேபர் அலை அடித்த வருஷத்தில், கைக்கு எட்டிய தொகுதியை எதிர்க்கட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். எந்தத் தெருவில் யார் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கன்சர்வேடிவ் கட்சியிலும் கதை வேறில்லை. 2022-இல் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு லிஸ் டிரஸ்ஸைத் தலைவராக்கினார்கள், அதனால் அவரே பிரதமரும் ஆனார். அவர் நாற்பத்தொன்பது நாளில் பதவி விலகினார், அடுத்தவரை எம்.பி.க்களே முடித்துக்கொண்டார்கள், உறுப்பினர்களுக்கு ஓட்டே வரவில்லை. டிரஸ் செய்த பொருளாதாரக் குளறுபடிக்கு உறுப்பினர்களும் பொறுப்பு என்பது என் எண்ணம். அதற்காக அவர்களைக் கேட்காமலே விடலாம் என்று ஆகிவிடாது.

போன மாதம் நடந்ததையும் சொல்கிறேன். லேபர் கட்சித் துணைத் தலைவர் தேர்தல். மந்திரிசபையிலிருந்து செப்டம்பரில்தான் பிரதமர் நீக்கிய லூசி பவலும், மந்திரியாக இருக்கும் பிரிட்ஜெட் ஃபிலிப்சனும் போட்டி. நீக்கப்பட்டவரை உறுப்பினர்கள் ஜெயிக்க வைத்தார்கள். மேலிடத்துக்கு அது நல்ல பதில். ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்கள் வெறுத்துப்போய், ஓட்டுப் போடச் சொல்லி வந்த ஈமெயிலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று நர்ஸம்மா சொன்னார். அவரே இப்போது உறுப்பினர் இல்லாததால் அவருக்கும் ஓட்டு இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் சும்மா வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உங்கள் நாற்காலியில் தினக்கூலிக்கு ஒரு பையனை உட்கார வைப்பார்கள். அவனுக்கு 17சி என்றால் என்னவென்று தெரியாது.

கோபத்தை எழுத்தில் கொடுங்கள், அப்பா. உங்களோடு பூத் வேலை பார்ப்பவர்கள் பத்துப் பேராவது கையெழுத்துப் போட்டு, மாவட்டச் செயலாளருக்கு ஒன்று, தலைமைக்கு ஒன்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கூட்டணிக்குப் போகும் தொகுதியாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நம் கட்சியே நிற்பதாக இருந்தால் வட்டத்தில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்ட பிறகுதான் பெயர் அறிவிக்க வேண்டும் என்று எழுதுங்கள். உட்கட்சித் தேர்தலையும் கேளுங்கள். போன முறை மண்டபத்தில் பட்டியலை வாசித்து "ஒருமனதாகத் தேர்வு" என்று கைதட்ட வைத்தார்களே, அது வேண்டாம், பெட்டி வைத்து ஓட்டு நடத்துங்கள் என்று கேளுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, பதிவு பெறும் கட்சி ஜனநாயகத்துக்குக் கட்டுப்படுவதாகத் தன் விதியிலேயே எழுத வேண்டும். நம் கட்சி விதிப் புத்தகத்திலும் அந்த வரி இருக்கும், அதைக் கடிதத்தில் அப்படியே எடுத்துப் போடுங்கள்.

பதில் வராமலும் போகலாம். பதில் வரும்வரை கைக்காசு போட்டுப் போஸ்டர் ஒட்டாதீர்கள், தறியை நிறுத்தாதீர்கள். ஆனால் உறுப்பினர் அட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். அது உங்கள் கையில் இருக்கும்வரைதான் கேள்வி கேட்க முடியும்.

இந்த மாதப் பணம் திங்கட்கிழமை அனுப்புகிறேன். அதில் முதலில் உங்கள் இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள். கடிதத்தை எழுதியதும் தம்பியிடம் சொல்லி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு வியாழக்கிழமை லீவுதான், படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்