கொடி இறங்கியும் இறங்காத விரதம்

கொக்குவில்

அன்புள்ள ராஜி,

ஐந்து மாதமாய்ப் பதில் எழுதவில்லை. திட்டி முடித்துவிட்டு வாசி. அம்மாவின் முழங்கால் அப்படியே. கிணற்றடி மாமரம் பாறிவிட்டது. பப்பாசி ரீச்சர் இன்னும் அதே குடையோடுதான் திரிகிறா.

சின்னவள் ரியூசனில் மயங்கி விழுந்துவிட்டாள். அதை எழுதத்தான் கை வரவில்லை.

போன ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒருநேரச் சாப்பாடு என்றாள். அம்மாவுக்குப் புளுகம் தாங்கவில்லை, ஒழுங்கை முழுக்கச் சொன்னா. கொடி இறங்கியது, விரதம் இறங்கவில்லை. பிறகு வெள்ளி, பிறகு கந்தசஷ்டி, முருகனே கேட்காத விரதமெல்லாம் பிடித்தாள். புட்டை உதிர்த்து உதிர்த்துத் தட்டில் பரப்பிவைப்பாள். நான் சோதனைக் கவலை என்று இருந்தேன். தலைமயிர் கொத்தாய்க் கொட்டியது, மூன்று மாதம் தீட்டு வரவில்லை, பட்டப்பகலில் குளிருது என்று போர்த்திக்கொண்டு கிடந்தாள். பெற்றவளுக்குக் கண் எங்கே போனது, சொல்லு?

சின்னவள் போனில் என்ன பார்க்கிறாள் என்று டொக்டர் கேட்டா. முதலில் உடற்பயிற்சி வீடியோவாம். அதில் கொஞ்சம் கண் நின்றதும் அதே மாதிரி அடுத்தது, அடுத்தது. கடைசியில் கழுத்தெலும்பைக் காட்டிப் பெருமைப்படும் பெட்டைகள் மட்டும்தான். போன்தான் காரணமோ என்றேன். பரம்பரை, பயந்த சுபாவம், வீட்டுப் பேச்சு எல்லாம் விறகு, போன் ஊதுகுழல் என்றா.

பிஜித் தீவில் ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு ஆய்வு செய்தவ, தெரியுமா? கொழுகொழு உடம்பை மெச்சும் ஊர். 1995-இல் நட்ரோகா பக்கத்துக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், மெலிவதற்காக வாந்தியெடுத்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. 1998-இல் 100-க்கு 11 பேர். அதுவும் வெறும் தொலைக்காட்சி, பார்க்கிற ஆளைத் திருப்பிப் பார்க்காதது. அதே 1995-இல் நாங்கள் கரண்ட் இல்லாத ஊரைவிட்டு மூட்டையோடு சாவகச்சேரிப் பக்கம் நடந்தோம். நீ அரைப் பாணுக்காக என்னோடு சண்டை பிடித்தது நினைவிருக்கா?

இப்போது மனநலக் கிளினிக். "விசர் டொக்டரிட்டையோ?" என்று மச்சாள் கேட்டா, அதற்குப்பிறகு அவவோடு கதையில்லை. சின்னவள் சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கிறேன், ஒன்றும் சொல்வதில்லை. நேற்று சொதி இன்னும் கொஞ்சம் கேட்டாள். நான் அகப்பையோடு கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

ராஜி, கோபிக்காதே. போன முறை வந்தபோது சின்னவளைப் பார்த்து "என்னடி, அம்மாவை மாதிரி உருண்டு போனாய்" என்றாய். சிரித்தோம், அவளும் சிரித்தாள். உன்னில் பழி போடவில்லை, நான் அதைவிட எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். இந்த ஆவணிக்கு வரும்போது அவளுக்குச் சட்டை வாங்காதே, அளவு கேட்டும் எழுதாதே. மெலிந்தாள், தெளிந்தாள் எதுவும் வேண்டாம். படலையைத் திறந்ததும் பூனையைப் பற்றிக் கேள், நாலு குட்டி போட்டிருக்கிறது.

டிக்கெட் போட்டதும் எழுது.

உன்
சாந்தி