பத்திரம் பதியும் முன் இன்னொரு வக்கீலைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

திருப்போரூர் பக்கம் மனை பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாய் என்று சித்தி போனில் சொன்னார். ரொம்ப சந்தோஷம். ஆனால் "லீகல் ஒப்பீனியன்கூட புரோக்கரே வாங்கிக் கொடுத்துட்டார், அந்தச் செலவு மிச்சம்" என்றார் பார், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் மனை விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எனக்கும் வக்கீலைக் காட்டியது புரோக்கர்தான். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. பட்டா விற்றவர் பெயரில். ஒப்பீனியனில் கையெழுத்து, சீல் எல்லாம் சரி. பதிந்துவிட்டேன். மூன்றாம் வருஷம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. விற்றவருக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறார். இடம் அவர்கள் அப்பா சுயமாகச் சம்பாதித்தது. அவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்படி இறந்தவரின் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பாகப்பிரிவினையும் இல்லை, அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரமும் எழுதித் தரவில்லை. விற்றவர் பட்டாவை மட்டும் தன் பெயருக்கு மாற்றி விற்றுவிட்டார்.

அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டது அவருடைய பங்கு. கடைசியில் அதையும் தனியாகக் கிரயம் வாங்கினேன். உன் அண்ணியின் நகை போனது அதற்குத்தான்.

வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். யார் இறந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அதில் வராது. அந்த வக்கீல் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்த தாள்களைப் படித்து எழுதினார், அவ்வளவுதான். "வாரிசுச் சான்றிதழ் எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் கிரயம் முடிந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். அவர் கூட்டி வருகிற வக்கீல் கிரயத்தை நிறுத்துகிற கேள்வியைக் கேட்பார் என்று எப்படி நம்புவது?

அதனால் நீயாக ஒரு வக்கீலைப் பார். சொத்து வழக்கு நடத்துகிறவராக இருக்கட்டும். எந்தத் தாள் கோர்ட்டில் நிற்காது என்று அவருக்குத்தான் தெரியும். முதல் ஒப்பீனியனை அவரிடம் காட்டாதே, தாள்களை மட்டும் கொடு. காட்டினால் அவரும் அந்த வழியிலேயே படித்துக்கொண்டு போய்விடுவார். விற்பவர் பவர் ஏஜென்ட், அதாவது சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து அவருக்காக விற்கிறவர் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கச் சொல். அவர் இறந்திருந்தால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு முடிந்தது. அப்புறம், பேங்க் வக்கீல் பார்ப்பார் என்று விட்டுவிடாதே. அவர் பார்ப்பது பேங்க் கடனுக்காக.

செலவை நினைத்துத் தயங்காதே. 30 லட்சம் ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 2,70,000 ரூபாய் கட்டப்போகிறாய். வக்கீலுக்குச் சில ஆயிரம்தான் ஆகும்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு வந்துவிடு. என் வழக்கை நடத்திய வக்கீலம்மாவிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன், நானும் கூட வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் இன்றைக்கே சொல்: மூலப்பத்திரத்தின் ஒரிஜினலை நீ கண்ணால் பார்த்தாயா, இல்லை ஜெராக்ஸ்தானா?

அன்புடன்,
அண்ணன்