அந்த ஓட்டையை அடைக்காதீர்கள்: கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன் சாட்ஸ்வர்த்தில் பாரம்பரிய மாதக் கண்காட்சி நடத்தும் குழுவிலுள்ள தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

போன ஞாயிறு கோயிலிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்தேன். 1860இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பட்டியல், கரும்புத் தோட்டத்துப் படங்கள், யாரோ வீட்டுப் பாட்டியின் அம்மியும் குழவியும், எல்லாம் பார்த்து மனசு நிறைந்துபோனது. ஆனால் 'நாம் வருமுன் இந்த மண்' என்று ஒரு பலகை வைத்திருக்கிறீர்களே, அதில் ஜூலுலாந்து அம்மோனைட்டுக்குக் கீழே மூலையில் ஒரு முள்ளு உருண்டை இருக்கிறது. இந்த மடல் அதைப் பற்றித்தான். நேரிலேயே சொன்னேன். "பார்க்கலாம் ஆன்ட்டி" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

படத்துக்குக் கீழே இப்படி இருக்கிறது: 'ஸ்பினிஃபெரைட்டஸ் ராமோசஸ் எரன்பெர்க் மாண்டெல். டைனோசர் நீர்க்கட்டி. அழிந்துபோன கடல் விலங்கு.' பெயரைத் தவிர மற்றதெல்லாம் தப்பு, பெயரிலும் பாதி தப்பு.

இதை ஆங்கிலத்தில் 'டைனோசிஸ்ட்' என்பார்கள், டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரின் கூடு என்று அர்த்தம். நீர்க்கட்டி என்பது டாக்டர் ஸ்கேனில் பார்த்துச் சொல்வது. யாரோ அகராதியில் 'சிஸ்ட்' என்று தேடி முதலில் அகப்பட்டதை எடுத்துப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. 'டைனோ'வும் டைனோசர் இல்லை. டைனோசரில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குப் பயங்கரம் என்று பொருள், இதில் உள்ளதற்குச் சுழற்சி என்று பொருள். டைனோஃபிளாஜெல்லேட் என்பது ஒரே செல்லால் ஆன உயிர். அதற்கு இரண்டு சாட்டைகள், ஒன்று இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி ஒரு பள்ளத்தில் ஓடும், மற்றது பின்னால் தொங்கும், இரண்டும் சேர்ந்து அசைவதால் அது பம்பரம் போலச் சுழன்றுகொண்டே நீந்தும். விலங்கு என்றும் சொல்ல முடியாது, பாதிக்குப் பாதி வெயிலைக் குடித்து வாழ்கிற கூட்டம். பெயர் வைக்கும் சட்டமோ தாவரவியல்காரர்களுடையது.

பாறையில் கிடைப்பது அந்த உயிரே இல்லை. சில இனங்கள் இரண்டு செல்கள் கூடியபின் ஒரு கெட்டியான கூட்டைக் கட்டி, அதற்குள் அடங்கி, கடலடிச் சேற்றில் போய்ப் படுத்துவிடும். காலம் கனிந்ததும் கூட்டின் சுவரில் ஒரு கதவைத் திறந்து வெளியே நீந்திப் போய்விடும். நமக்குக் கிடைப்பது அது விட்டுப் போன காலி வீடு. 'உறக்கக்கூடு' என்று எழுதுங்களேன், சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் உங்களுக்குத் தந்த போட்டோவில் அந்தக் கூட்டில் ஒரு ஓட்டை இருந்தது. உங்கள் பலகையில் அது இல்லை. வரைந்த தம்பியைக் கேட்டேன். "உடைஞ்சிருந்துச்சு ஆன்ட்டி, நான் சரி பண்ணிட்டேன்" என்றான். பாவம், நல்ல மனசோடுதான் செய்திருக்கிறான், கையும் நல்ல கை. ஆனால் அவன் அடைத்தது அந்தக் கதவை!

நான் ஓய்வு பெறும்வரை ஆய்வகத்தில் பாறைத் தூள் கரைக்கும் வேலை பார்த்தவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சுண்ணாம்பு போகும், ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஊற்றினால் மணலும் களிமண்ணும் போகும். இரண்டாவது அமிலம் கண்ணாடியையே தின்னும், அதனால் பிளாஸ்டிக் குவளைதான் வைக்க வேண்டும். அதிலும் கரையாமல் மிஞ்சுவது இந்தக் கூடு, அவ்வளவு பிடிவாதமான சுவர். மிஞ்சியதைச் சலித்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது, மெல்லிய மஞ்சள் நிறத்தில் முட்டை வடிவத்தில் ஒரு உடல் தெரியும். அதன்மேல் மெல்லிய வரப்புகள் ஓடும். அந்த வரப்புகள் பிரிக்கும் கட்டங்கள், உயிரோடு நீந்தியபோது அது போட்டிருந்த கவசத் தகடுகளின் அச்சு. முள் எங்கே நிற்கிறது தெரியுமா? மூன்று தகடுகள் சந்திக்கும் முச்சந்தியில். அதனால்தான் முள்ளின் நுனியும் மூன்றாகப் பிரிகிறது, ஒவ்வொரு கிளையும் ஒரு வரப்புப் பக்கம் கை நீட்டுகிறது. தம்பி வரைந்த முள்ளெல்லாம் நெருஞ்சி மாதிரி ஒற்றை நுனி. வரப்புகளையும் விட்டுவிட்டான். அப்புறம் ஃபோகஸ் குமிழை மெல்லத் திருப்பினால் மேல் முட்கள் மங்கி மறைய, அடிப்பக்கத்திலிருந்து அந்த ஓட்டை எழுந்து வரும். ஒரே ஒரு தகட்டின் அளவுக்கு, நேர் விளிம்போடு, தச்சன் அறுத்து எடுத்த மாதிரி. உடைசல் அப்படி இருக்காது.

அந்தத் தகடு எது என்பதுதான் இனம் பிரிக்கும் முதல் கேள்வி. இதில் அது ஒட்டியாணத்துக்கு மேல் வரிசையில் முதுகுப்பக்க நடுத் தகடு, எண்ணினால் மூன்றாவது. பெரிடினியம் என்ற இன்னொரு கூட்டத்து வகைக் கூடுகள் பலவற்றில் இன்னும் கொஞ்சம் மேலே, இடைத் தகட்டில் திறக்கும். ஓடொண்டோகைட்டினா என்று மூன்று கொம்புள்ள ஒன்று உண்டு, அதற்குத் தலையே மூடி, கொம்போடு சேர்ந்து மொத்தமாகக் கழன்றுவிடும். தட்டில் பல நேரம் மூடி ஒரு மூலையில், உடல் இன்னொரு மூலையில் கிடக்கும், புதிதாக வருபவர்கள் இரண்டு இனம் என்று எழுதி வைப்பார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

இந்த ஓட்டையின் அருமை பெரியவர்களுக்கே வெகுகாலம் தெரியவில்லை. ஜெர்மன் அறிஞர் எரன்பெர்க் 1830களில் பெர்லினில் தீக்கல் சீவல்களில் இந்த முள்ளு உருண்டைகளைப் பார்த்து, நன்னீர்ப் பாசி ஒன்றின் பேரினத்தில் சேர்த்தார். ஸ்பினிஃபெரைட்டஸ் என்ற பேரினப் பெயரை 1850இல் கொடுத்தவர் இங்கிலாந்து வைத்தியர் கிடியன் மாண்டெல், இக்வானோடான் என்ற டைனோசருக்குப் பெயர் வைத்தவரும் அவரே. (டைனோசருக்கும் இதற்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.) 1933இல் ஓட்டோ வெட்ஸல் முள்ளம்பன்றியை நினைத்து ஹிஸ்ட்ரிகோஸ்ஃபேரா என்று புதுப் பெயர் வைத்தார், 1970இல் பழைய பெயருக்கே முன்னுரிமை என்று திரும்பி வந்தார்கள். நடுவில் 1961இல் வில்லியம் எவிட் என்ற அமெரிக்கர்தான் ஓட்டைகளையும் தகட்டு அச்சையும் ஒழுங்காகப் பார்த்து, இந்த முள்ளு உருண்டைகளில் பெரும்பாலானவை டைனோஃபிளாஜெல்லேட் கூடுகளே என்று காட்டினார். அத்தாட்சி இல்லாதவற்றுக்கு 1963இல் அக்ரிடார்க் என்று பெயரிட்டார், பூர்வீகம் தெரியாதவை என்று அர்த்தம். ஓட்டையும் வரப்பும் முச்சந்தி முள்ளும் இல்லாத உங்கள் படத்தை அவரிடம் காட்டியிருந்தால் அந்தப் பெட்டியில்தான் போட்டிருப்பார்.

'அழிந்துபோன' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். டேவிட் வால், பாரி டேல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1960களில் இன்றைய கடல் சேற்றிலிருந்து உயிருள்ள கூடுகளை எடுத்துப் பொரிக்க வைத்தார்கள். ஸ்பினிஃபெரைட்டஸ் கூடுகளிலிருந்து நீந்தி வந்தது கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா கூட்டத்து உயிர். வேடிக்கை என்னவென்றால், கூட்டுக்கு ஒரு பெயர், குடியிருப்பவருக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது, அதிலும் தோற்றத்தில் வேறுபட்ட பல கூடுகள் ஒரே ஆளின் பெயருக்குக் கீழே போய் நிற்கின்றன. எனக்கு இன்றுவரை அது நெருடல்தான், அதைப் பலகையில் போடச் சொல்லவில்லை. மேற்குக் கடற்கரையில் கடல் சிவந்து சிங்கி இறால் கரையேறிச் சாகிறது என்று செய்தி வருமே, அந்தச் சிவப்புக்குக் காரணமும் பெரும்பாலும் இந்தக் குலம்தான்.

பெயரில் அடைப்புக்குறி போனது யார் வேலை என்று தெரியவில்லை. (எரன்பெர்க் 1837) மாண்டெல் 1854 என்று இருக்க வேண்டும். குறிக்குள் இருப்பவர் இனத்துக்கு முதலில் பெயர் வைத்தவர், வெளியே இருப்பவர் அதைச் சரியான பேரினத்துக்கு மாற்றியவர். குறியை எடுத்தால் இருவரும் பார்ட்னர்கள் மாதிரி ஆகிவிடுகிறது.

"இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்" என்று உங்களில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நம் மாகாணத்துப் பாறைக்கும் இதில் பங்கு உண்டு. ரோஜர் டேவி 1969லேயே வடக்கு நட்டாலின் மேல் கிரீத்தேசியப் பாறைகளில், அதாவது டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதிப் பாறைகளில், கிடைத்த உறக்கக்கூடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ட்ரூரோ பட்டியலில் ஒரு எழுத்து தப்பினால் அந்தக் குடும்பம் சும்மா விடுமா?

பலகையை முழுசாக மாற்றச் செலவாகும் என்று தெரியும். மூலையை மட்டும் மூடும் அளவுக்கு ஒரு அட்டை போதும். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் பழைய நுண்ணோக்கியும் நாலு தட்டுகளும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வருகிறேன். படம் வரைந்த தம்பி கட்டாயம் வரட்டும், ஃபோகஸ் குமிழை அவனே திருப்பிப் பார்க்கட்டும், பார்த்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து புதிதாக வரையட்டும். பென்சில் அவனுடையது, டீ இந்த முறை என் செலவு.