பொம்பெயியும் வெசூவியஸும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளை பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி. நாங்களும் நலம். வாடைக்காற்று தொடங்கிவிட்டதால் மாலை நடை மட்டும் நின்றுபோயிற்று. வரும் கோடையில் நீயும் மனைவியும் இத்தாலி போகவிருப்பதாக எழுதி, மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நாங்கள் பார்த்த பொம்பெயி என்ற பழைய ரோம நகரத்தையும் அதை அழித்த வெசூவியஸ் எரிமலையையும் பற்றி விரிவாகக் கேட்டிருந்தாய். இவ்வளவு வரலாறு படிப்பித்த உனக்கு அதை மேலோட்டமாகச் சொல்ல மனம் வரவில்லை.

நேப்பிள்ஸிலிருந்து வழிகாட்டியோடு பஸ்ஸில் அழைத்துப்போய் மாலையில் திருப்பிக் கொண்டுவரும் ஒருநாள் சுற்றுலாவில்தான் நாங்கள் சேர்ந்தோம். காலையில் இடிபாடுகள், பிற்பகலில் மலை என்பது அவர்களுடைய ஒழுங்கு. உனக்கு நான் சொல்வது இதற்கு மாறானது: மலைக்கு முதலில் போகும் சுற்றுலாவாகப் பார்த்துத் தெரிவுசெய். அழித்தது எது என்று கண்ணால் கண்டபின் நகரத்துக்குள் நுழைந்தால், அங்குள்ள ஒவ்வொரு சுவரும் வேறு விதமாகப் பேசும்.

வெசூவியஸின் உயரம் 1281 மீற்றர். ஏறத்தாழ 1000 மீற்றர் வரை பஸ் போகிறது. அதன்பின் கால் புதையும் சரளைப் பாதையில் அரைமணி நேரம் ஏறவேண்டும். விளிம்பில் நின்று பார்த்தால், சுமார் 300 மீற்றர் ஆழமான பெருங்குழியின் சுவரில் ஆங்காங்கே மெல்லிய ஆவி கசிகிறது. மலை கடைசியாகச் சீறியது 1944 மார்ச்சில். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அடியிலும் எரிமலை இருக்கிறதா என்று பிள்ளைகள் நம்மிடம் கேட்பார்களே, அந்த ஞாபகம் எனக்கு அங்கே வந்தது. கன்னியாவில் ஆழத்துக்கு இறங்கிய நீர் நிலத்தின் வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான்; இங்கோ காலடியில் இருப்பது உறங்கும் எரிமலையேதான். அதன் அடிவாரத்தில் இன்றும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னும் கடற்கரையை விட்டுப் போகாத நம் ஊரவர்களை நினைத்துக்கொண்டேன். பிழைப்பும் மண்ணும் அங்கேதான் இருக்கும்போது மனிதர் வேறெங்கே போவார்கள்?

இனி நகரத்துக்கு வருகிறேன். கி.பி. 79இல் மலை வெடித்தபோது முதலில் பல மணி நேரம் நுரைக்கல்லும் சாம்பலும் மழையாகக் கொட்டின. கூரைகள் பாரம் தாங்காமல் இடிந்தன. அந்த நேரத்துக்குள் ஓடியவர்கள் பலர் தப்பினார்கள். மறுநாள் காலை கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சரிவில் பாய்ந்து வந்தபோது, தங்கியிருந்தவர்களுக்கு வழியே இருக்கவில்லை. உடல்கள் அழிந்து, இறுகிய சாம்பலுக்குள் அவற்றின் வடிவம் மட்டும் வெற்றிடமாக நின்றது. 1863இல் பியொரெல்லி என்ற ஆய்வாளர் அந்த வெற்றிடங்களில் சாந்தை ஊற்றி வடிவங்களை மீட்டார். கைகளால் முகத்தை மூடியபடி குந்தியிருக்கும் ஒருவரின் முன் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

ஆனாலும் என்னைப் பிடித்து நிறுத்தியவை சாதாரண வாழ்வின் தடங்களே. கருங்கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடி ஆழமாகப் பதித்த இரட்டைத் தடம். அழுக்கு நீரில் கால் படாமல் கடக்கத் தெருவின் குறுக்கே போட்ட உயர்ந்த கற்கள், அவற்றுக்கிடையே சக்கரம் போகச் சரியாக விட்ட இடைவெளி. உணவுக்கடை மேடையில் பானைகளைப் பதித்த வட்டக் குழிகள். நம் சந்தைக்கருகே இருக்கும் சாப்பாட்டுக் கடையைப் போலவே தெருவைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது அந்த மேடை. ஒரு வெதுப்பகத்தின் அடுப்பில் 81 பாண்கள் கருகியபடி கிடைத்தனவாம். நம் கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்துக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள்; எந்தக் கல் எங்கே இருந்தது என்று இன்று எவர் சொல்வார்? எரிமலையோ கொன்ற ஊரை இருந்தபடியே மூடிவைத்தது. 1748இல் தோண்டத் தொடங்கியும் மூன்றிலொரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தவறவிடாதே. 1938இல் அங்கே ஒரு வீட்டில் கிடைத்த, இந்தியாவில் செய்யப்பட்ட தந்தச் சிற்பம் நேப்பிள்ஸ் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் இலட்சுமி என்றார்கள். யட்சி என்பவர்களும் உண்டு. சுமார் 25 சென்ரிமீற்றர் உயரமுள்ள அந்தப் பெண் நம் கடல்களைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். ஒருநாள் சுற்றுலாவில் அருங்காட்சியகம் அடங்காது. அதற்கு இன்னொரு காலையை ஒதுக்கிக்கொள்.

உன் முழங்கால் வலியை நினைத்துச் சொல்கிறேன்: பிடிமானமுள்ள சப்பாத்து அவசியம், மலையேற ஊன்றுகோலும் எடுத்துக்கொள். பொம்பெயியில் நிழல் மிகக் குறைவு. தண்ணீர்ப் போத்தலை அங்குள்ள குழாய்களில் நிரப்பலாம். எரிமலைக்கான நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கவேண்டும். பயணத் திகதி முடிவானதும் எழுது. மகளிடம் சொல்லி ஒழுங்குசெய்து தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்